கிளி நசுங்கிய கவசம்

அம்மனின் பித்தளைக் கவசத்தைப் பலாப்பழத்தின் மேல் வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான் என் புருஷன் சின்னராசு. எங்கள் ஊர்க் காளியம்மனுக்கு அவன்தான் பூசாரி; அதனால் கவசம் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கும். இரண்டு கிளி, நடுவில் தாமரை, ஓரமெல்லாம் முத்து முத்தாகப் புடைத்த வேலை. திருவிழாவுக்கு ஒரு நாள் அம்மன் மார்பில் ஏறும். அதைப் புளி போட்டுத் துலக்குகிறவள் நான்.

காவலூரில் நட்சத்திரம் பார்க்கப் பெரிய கூண்டு கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. அங்கே கல் சுமக்கப் போ என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேட்டால்தானே. திருட்டுச் சந்தனக்கட்டை சுமந்து அடிவாரத்தில் இறக்கப் போவானாம். போன மாதம் அப்படிப் போன பழனியை ஃபாரஸ்ட் கார்டுகள் சுட்டதில், பிணமாகத்தான் கட்டிலில் கிடத்தி மலையேற்றினார்கள். அவன் பெண்டாட்டி வெள்ளையம்மாள் இன்னும் வாய் திறக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு இவனுக்கு வந்த புத்தி, கவசத்தைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு போவது.

"சுட்டுப் பாத்துடலாம். ஓட்டை வுழுந்தா நான் போவல. சத்தியம்" என்றான்.

இருபது அடி தள்ளி நின்று நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கெட்டித்து ஈயக்குண்டு போட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தாயே, உன் தகடு கிழியட்டும் என்று அவளிடமே வேண்டிக்கொண்டேன். எந்தப் பைத்தியக்காரியாவது இப்படி வேண்டுவாளா?

வெடித்தது.

"பார்றீ! கிளிதான் நசுங்கிச்சி. ஓட்டை எங்க, காட்டு!" கவசத்தை அவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினான்.

நான் பலாவைப் பார்த்தேன். முள் கொஞ்சம் மழுங்கியிருந்தது, அவ்வளவுதான். அரிவாளை வைத்ததும் தானாக விண்டுகொண்டது. அடிபட்ட பக்கம் சுளையெல்லாம் கூழாகி, கொட்டைகள் பிளந்து கிடந்தன.

"யோவ், இங்க வா. உள்ளாற இன்னா ஆயிருக்குது பாரு."

"பழுத்தா அப்டித்தான் இருக்கும்."

"செங்காய்யா இது! நேத்து நீதான மரத்துல இருந்து எறக்குன? நம்ம துப்பாக்கிக்கே இந்தக் கதி. அவனுங்க கையில இருக்கறது ரைஃபுலு."

"ஓட்டை வுழுந்தாத்தான் போவலன்னேன். வுழல. அம்மா உத்தரவு குட்த்துட்டா. வாய மூடு."

"பழனிக்கும் இதே அம்மாதான்யா" என்றேன்.

அவன் நசுங்கிய கிளியை உள்பக்கமிருந்து மரக்கட்டையால் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

பொழுது சாயக் கிளம்பினான். முதுகில் முடிச்சுப் போட அவனுக்குக் கை எட்டவில்லை; நான்தான் கட்டினேன். வேறென்ன செய்ய? பழைய புடவை ஒன்றை நாலாய் மடித்துத் தகட்டுக்கு உள்ளே திணித்தேன். அது போதாது என்று தெரியும். திணித்த கை உள்ளேயே நின்றுவிட்டது. புறங்கையில் பித்தளை சில்லிட்டது. உள்ளங்கையில் அவன் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது, என்னுடையதைவிட வேகமாக.

"கைய எடுடி" என்றான். "நேரமாவுது."