மாமரம் தின்ற முற்றம்

இடுப்பு என்று ஒன்று இருப்பதே வலிக்கும்போதுதான் தெரிகிறது, கண்ணுகளா. ஃபலேசிக்கு அன்று குனியவே முடியவில்லை. இருந்தும் விடியுமுன் முற்றம் கூட்டினாள். கடல் தாண்டிய சோம்பா மலையடிவாரத்தில் கூட்டாத முற்றத்தைப் பார்த்தால், உள்ளே நோயாளி, இல்லையென்றால் சோம்பேறி என்றுதான் ஊர் பேசும். ஒரு சருகு தங்கக்கூடாது. அவளுடைய அம்மாவும் அப்படித்தான், செம்மண் மழமழவென்று தெரியும்வரை கூட்டுவாள்.

வெயில் ஏறியபோது அண்ணன் கலியாத்தி கோடரியோடு வந்தார். அங்கே பெண்களின் வீட்டுக் காரியம் எதுவானாலும் மூத்த அண்ணன் சொன்னால் சொன்னதுதான். முற்றத்து மாமரத்தைச் சுற்றி வந்தார்.

"பாத்தியா, வேரெல்லாம் விலா எலும்பாட்டம் நிக்குது. அவ்வளவு மண்ணையும் தின்னுதான் இந்த உடம்பு. அடுத்து உன் சுவருதான். மழைக்கு முன்னாடி வெட்டிடுவோம்."

"நிழல் போயிட்டா நான் எங்கண்ணே உக்காருவேன்?" என்றாள் ஃபலேசி. ஒரு நாளில் அவள் உட்காரும் இடம் அது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு எசிமே பாசிப்பயறு உரித்தபடியே குரல் கொடுத்தாள். "மரம் காத்தைத் தின்னுதான் உடம்பு வளக்குதுன்னு ரேடியோவுல சொன்னாங்களே! மண்ணுலேர்ந்து தண்ணியும் கொஞ்சம் சாரமும்தானாம்."

"காத்தா?" என்றார் அண்ணன். "நானும் வாயைத் தெறந்துகிட்டுதான் தூங்குறேன். வயிறு ஒட்டித்தானே கெடக்கு!"

"உங்க வாயிலேர்ந்து காத்து வெளியதானே வருது, உள்ள எங்க போகுது?"

கலியாத்தியே சிரித்துவிட்டார். ஃபலேசிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. அண்ணனுக்குக் களி எடுத்துவரப் பின்பக்கத்துச் சமையல் குடிசைக்குப் போனாள். வாசற்படியில் கால் இடறியது. இப்போதெல்லாம் முழங்காலைக் கையால் தூக்கித்தான் அந்தப் படி ஏறவேண்டியிருக்கிறது. வயசாகிவிட்டது என்று நினைத்திருந்தாள். சிறுமியாக இதே வீட்டில் வளர்ந்தபோது அதற்குப் படி என்றே பெயரில்லை. தரையோடு தரையாகத்தானே கிடந்தது?

குனிந்து பார்த்தாள். சுவரின் அடிக்கல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அங்கே மரம் கிடையாது. தினமும் இரண்டு முறை துடைப்பம் மட்டும் வந்துபோகும். கொல்லை ஓரத்தில், தினமும் கூட்டியதைக் கொட்டும் குப்பைமேடு, பூசணிக்கொடி படர்ந்து ஆளுயரம் நின்றது. குடிசையோரம் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்து, அதன் குச்சியால் மேட்டைக் கிளறினாள். சருகுக்கடியில் செம்மண். இன்னும் கிளறினாள். செம்மண்தான்.

திரும்பி வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, இங்க வாங்க. இந்த இடத்தை எந்த மரம் தின்னுச்சு?"

கலியாத்தி அடிக்கல்லைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தார்.

"நீயா?"

"நானும் அம்மாவும்."

அவர் மேட்டு மண்ணை ஒரு பிடி அள்ளி உதிர்த்துப் பார்த்தார். பிறகு கோடரியைச் சுவரில் சாய்த்தார். "மண்ணைத் திருப்பிப் போடு. மழைக்கு அப்புறமும் வேர் மூடியே கெடந்தா மரம் இருக்கட்டும். திரும்ப வெளிய தெரிஞ்சுது, அப்புறம் என்கிட்ட அழாத."

ஒரு பாத்திரம் மண் எசிமே சுமந்தால் ஒன்று இவள் சுமந்தாள். பொழுது சாயும்போது வேர்கள் மறைந்தன. இடுப்பு போயே போய்விட்டது.

மறுநாள் விடியலில் புது மண்மேல் மாஞ்சருகு உதிர்ந்து கிடந்தது. கை தானாகத் துடைப்பத்தைத் தேடி எடுத்தது. எடுத்ததைத் திரும்பவும் மூலையில் வைத்துவிட்டு, மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். தண்ணீருக்குப் போன பெண்கள் முற்றத்தைப் பார்த்து நின்றார்கள்.

"என்ன ஃபலேசி, ஒடம்பு சரியில்லையா?"

"அலுப்பு" என்றாள். அது பொய்யுமில்லை.