இளையவர் முதலில்

"கேட் போட்டுட்டான்க்கா," என்று ஆம்புலன்ஸை நிறுத்தினான் மொஹ்சின். "கூட்ஸ் வந்துகினு கீது. இனிமே எப்போ தொறப்பானோ."

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் மூடினதுதான். வெளியே நல்ல வெயில். வண்டிக்குள் மட்டும் பால் நிறக் கண்ணாடி வழியாக வெளிச்சம் சலித்து விழுந்து, தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது மதிக்கு. நடுவில் நைனா படுத்திருந்தார், முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். கால்மாட்டில் அம்மா, போர்வைக்குள் கைவிட்டு அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியபின் அம்மா அந்தக் கையை எடுக்கவே இல்லை. அண்ணன் அசோகன் முன்னால், மொஹ்சின் பக்கத்தில்.

"மெம்பர்ஸ், உக்காரலாம்," என்றார் நைனா, மாஸ்க்குக்குள்ளிருந்து.

மதி குனிந்து, "உக்காந்துட்டாங்க நைனா," என்றாள். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது.

நைனா, கர்னல் கிருஷ்ணப்பன், துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்டவர் இல்லை. வக்கீல். புளியந்தோப்புக் குடியிருப்பிலிருந்து போய்ச் சட்டம் படித்து, ராணுவத்தின் சட்டப் பிரிவில் சேர்ந்து, ஜோத்பூர், தேஜ்பூர் என்று ஊர் ஊராகக் கோர்ட் மார்ஷல்களில் உட்கார்ந்தவர். 'மெம்பர்ஸ்' என்று உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிற அதிகாரிகளுக்குச் சட்டத்தை எடுத்துச் சொல்வதுதான் அவர் வேலை. தீர்ப்பில் அவருக்கு ஓட்டு கிடையாது. அந்த அதிகாரிகளிலும் பதவியில் இளையவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். பெரியவர் முந்திக்கொண்டால் சின்னவர் பேசாமல் 'ஆமாம் சார்' போட்டுவிடுவார் அல்லவா. நைனாவுக்கு அந்த வழக்கத்தின் மேல் ஒரு காதலே உண்டு. ஓய்வு பெற்று, புது நீதிபதிகளுக்குப் பயிற்சி தரும் அகாதமிக்கு இயக்குநராகப் போனபோது, அங்கும் முதல் பாடம் அதுதான். "சின்னவர் பேசும்போது பெரியவர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூடத் தெரியக் கூடாது" என்பாராம். அவரிடம் படித்தவர்கள் இன்றைக்கும் போனில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

வீட்டிலும் அதே சட்டம். ஃபிரிட்ஜ் வாங்கவா, லீவுக்கு ஊருக்குப் போகவா, எதுவானாலும் மதி முதலில், அப்புறம் அசோகன், கடைசியில் அம்மா. நைனா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து சட்டம் மட்டும் சொல்வார். ஜோத்பூரில் ஒட்டகம் வாங்கலாம் என்று சின்னஞ்சிறு மதி போட்ட ஓட்டைக்கூடச் சிரிக்காமல் ஏற்றுக்கொண்ட மனிதர்.

பிள்ளைகள் இரண்டும் ஒன்றாகிவிட்டால் அம்மாவின் ஓட்டுக்கு வேலை இல்லை. பிரிந்துவிட்டாலோ, அம்மா எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இன்னொன்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அதனால் அம்மா ரமாபாய் ஒரே பதிலோடு காலத்தை ஓட்டினாள்: "இன்னாவோ செய்யுங்க." பெரியவருக்குச் சின்னவர் பயப்படுவார் என்று தெரிந்த நைனாவுக்கு, பெற்றவள் பிள்ளைகளுக்குப் பயப்படுவாள் என்பது மட்டும் உறைக்கவே இல்லை. கோர்ட் மார்ஷலில் அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து உட்காருவது கிடையாதே!

இன்று காலை டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். தொண்டையில் குழாய் இறக்கி மெஷினில் போடலாம். போட்டாலும் பிழைப்பது கஷ்டம். வீட்டுக்குக் கொண்டுபோவதானால் இப்போதே. மூவரும் வராந்தாவுக்கு வந்தார்கள். பழக்கதோஷம், அசோகன் தங்கையைப் பார்த்தான்.

"நீ சொல்லு மதி."

"வூட்டுக்கே கூட்டினு போயிடலாண்ணா. தொண்டைல குழாய வெச்சி அவர என்னால பாக்க முடியாது."

"எனக்கும் அதான்."

வழக்கமான பதிலுக்காக இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"மெஷின் வெக்கச் சொல்லு," என்றாள் அம்மா.

"பொழைக்க மாட்டாருன்னு டாக்டரே சொல்றாரேம்மா."

"பொழைக்கலன்னா இன்னா? நாளைக்கும் வந்து மூஞ்சியப் பாத்துக்குவேன் இல்ல."

மூன்றில் இரண்டு. மரண தண்டனைக்கே அது போதும் என்று நைனா சொல்லியிருக்கிறார். அசோகன் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

சரக்கு ரயில் வந்துவிட்டது. ஒவ்வொரு பெட்டியும் வெளிச்சத்தை மறைத்து மறைத்து விட, நைனாவின் முகம் இருண்டு தெளிந்து மறுபடி இருண்டது. வண்டி லேசாக அதிர்ந்தது. மதிக்குக் கண் சொருகியது. பெட்டிகளில் சீருடைக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக அவளைக் கடந்து போனார்கள். போகிறவர் எல்லாம், 'நீதான் முதல்ல, நீதான் முதல்ல' என்றார்கள். ஒருவர் முகத்திலும் சுளிப்பே இல்லை. திடுக்கிட்டு விழித்தாள். நைனாவைத் தன் வாயால் கொன்றுவிட்டோம் என்று பட்டது.

"அம்மா." ரயில் சத்தத்தில் கேட்கவில்லை. தோளைத் தொட்டாள். "அம்மா, திரும்பிடலாம். நான் மாத்திக்கிறேன். இந்தத் தபா நீ மொதல்ல சொல்லு. நீ சொல்றதுதான்."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவளிடம் முதலில் கேட்டதில்லை. பிறகு குனிந்து, ரயில் முழுவதும் போய் முடிகிறவரை போர்வைக்குள் அவர் பாதங்களைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"வூட்டுக்கே போவலாம்," என்றாள்.

"எனக்காகச் சொல்லாதம்மா."

"உனுக்காவ இல்ல. எனுக்கே அதான்."

கேட் மேலே ஏறியது. முன்னும் பின்னும் ஹாரன்கள் அலறின. மதி போர்வையைச் சரிசெய்யக் கையை உள்ளே விட்டாள். காலையிலிருந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்த பாதம் அம்மாவின் கைக்குள் அசையாமல் கிடந்தது. மாஸ்க்கைப் பார்த்தாள். ஆக்ஸிஜன் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கவில்லை. ரயில் போய்க்கொண்டிருந்தபோதே நைனா போய்விட்டிருந்தார். அது அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பதில் சொன்னாள்.

மதிக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. அண்ணனைக் கூப்பிட வாயெடுத்தாள். வேண்டாம் என்று அம்மா தலையை அசைத்தாள். பிறகு முன்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"தம்பி, தண்டவாளத்தாண்ட மெதுவா ஏத்துப்பா. தூங்கினு கீறாரு, முழிச்சிக்கப் போறாரு."