குரல் வர வேண்டிய கட்டம்

என் அக்கா வாயைத் திறக்காமலே சண்டை போடக் கற்றுக்கொண்டுவிட்டாள். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து அவள் பேசக்கூடாது. முணுமுணுக்கவும் கூடாது. திங்கட்கிழமை வரை இப்படித்தான் என்று டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. அதனால் மடியில் ஒரு சிலேட்டு, கையில் சாக்பீஸ். கோபம் ஏற ஏற எழுத்து பெரிதாகும். "காபில சர்க்கரை எங்க" என்பது சாதாரண அளவு. நான் செருப்போடு கூடத்துக்குள் வந்துவிட்டால் "டேய்" என்ற ஒரு சொல் சிலேட்டை அடைத்துக்கொண்டு நிற்கும்.

அவள் மேடைப் பாடகி. நான் ஒரு வார இதழில் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவன். அவள் எனக்கு வைத்த பெயர் கட்டம். உறவுக்காரர்கள் நடுவிலும் "எங்க கட்டம் இன்னும் வரலையா?" என்று கேட்டு மானத்தை வாங்குவாள். ஆனால் என் புதிர் எதுவும் அவள் கை படாமல் அச்சுக்குப் போனதில்லை. பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்து அவள்தான் முதலில் போட்டுப் பார்ப்பாள். குறிப்பு குழப்பமாக இருந்தால் ஓரத்தில் ஒரு கொட்டாவி விடும் முகம் வரைந்து வைப்பாள். நான் மறுபேச்சுப் பேசாமல் மாற்றிவிடுவேன்.

பேச முடியாதவளுக்கு வரும் அழைப்புகளையெல்லாம் நான்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை டாக்டர் கூப்பிட்டபோதும் அப்படித்தான்.

"ஒரு பக்கத்துக் குரல்நாண் அசையவே இல்லை தம்பி. பேச்சு வந்துடும், கவலை வேண்டாம். ஆனா மேடையில பாடுறதை மறந்துட வேண்டியதுதான். நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. முடியலன்னா திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க, நான் சொல்லிக்கிறேன்."

நான் பால்கனியில் நின்று கேட்டேன். உள்ளே அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். மனசுக்குள் பாடிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. யாரு என்று கண்ணாலேயே கேட்டாள்.

"ஆபீஸ்ல இருந்துக்கா" என்றேன்.

சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். தூங்கி எழட்டும் என்று நினைத்தேன். வியாழன் போனது, வெள்ளியும் போனது. டாக்டரே சொல்லட்டுமே, அதற்குத்தானே அவர் படித்திருக்கிறார் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளிக்கு நியாயத்துக்கா பஞ்சம்?

அந்த வாரம் பார்த்து ஆசிரியர் இசைச் சிறப்பிதழ் என்று கிளப்பிவிட்டார். "புதிர் முழுக்க இசையா இருக்கட்டும். உங்களுக்கு என்ன, வீட்டுலயே பாட்டு இருக்கே" என்றார். சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் கட்டங்களை வரைந்துகொண்டு உட்கார்ந்தேன். நீளமான சொல்லை முதலில் போட்டுவிடுவது என் வழக்கம். புல்லாங்குழலை நடுவில் படுக்கப் போட்டேன். அதிலுள்ள 'கு'விலிருந்து கீழே மூன்று கட்டம். கை தானாக 'குரல்' என்று எழுதிவிட்டது. அதன் கடைசி எழுத்தில் 'தவில்' வந்து கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

எழுதியதைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைத்தேன். அதை அவள் முன்னால் நீட்டி, கண்டுபிடி என்று சொல்வதா? ரப்பரை எடுத்து அழித்தேன். குரல் இருந்த இடத்தில் குடம் வைத்தேன். குறிப்பு: வீணையின் அடிப்பாகம். தவிலைத் தூக்கிவிட்டுத் தாளத்தைப் போட்டேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இன்னும் சொல்லப்போனால், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்போதுதான் அக்கா எதிரில் வந்து உட்கார்ந்து கைபேசியை என் பக்கம் தள்ளினாள். ஒரு இசைக் கல்லூரியில் அவளைப் பாடம் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பாடிக்காட்ட வேண்டியதில்லை, வகுப்பில் இசையின் வரலாறும் இலக்கணமும் நடத்தினால் போதும். ஆனால் முழுநேர வேலை. சேர்ந்துவிட்டால் கச்சேரிக்கு ஊர் ஊராகப் போக முடியாது. கைபேசியில் கல்லூரி முதல்வருக்கு ஒரு செய்தி தயாராக இருந்தது. மன்னிக்கவும், விரைவில் மேடைக்குத் திரும்புகிறேன், அதனால் இயலாது என்று மரியாதையாக எழுதியிருந்தாள்.

சிலேட்டில் "அனுப்பட்டுமா?" என்று எழுதிக் காட்டினாள். சின்ன எழுத்து. சந்தோஷமாக இருந்தால் அவள் எழுத்து சின்னதாகிவிடும்.

அனுப்பாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பாள், சொல்ல வேண்டிவரும். நான் குனிந்து கட்டங்களுக்கு எண் போட்டுக்கொண்டே சொன்னேன்:

"உன் இஷ்டம்க்கா."

அவள் அனுப்பிவிட்டாள். என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் காபி போடப் போனாள். திங்கட்கிழமை அவளே கூப்பிட்டு மாற்றிக்கொள்ளலாம், கல்லூரி எங்கே ஓடிவிடப் போகிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் புதிரை அவளிடம் கொடுத்தேன். பென்சிலைக் கூர் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். பென்சில் சரசரவென்று ஓடியது. வயலின், தபேலா, பியானோ, கஞ்சிரா. பிறகு நின்றது. ரப்பர் தேய்க்கும் சத்தம் கேட்டது.

செய்தித்தாளை மெல்ல இறக்கினேன். அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சிலேட்டை எடுத்தாள்.

"இங்க குரல்தான் வரும். கீழ தவில். உன் கை அப்படித்தான் போகும். ஏன் மாத்தின?"

"குடமும் நல்லாத்தானேக்கா இருக்கு" என்றேன்.

துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். "இசைப் புதிர்ல பாட்டு இல்ல. பல்லவி இல்ல. ஆலாபனை இல்ல. ஒருத்தரும் வாயே திறக்கல. எல்லாம் வாத்தியம்."

எட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. குரலை மட்டும்தான் நான் தெரிந்தே நீக்கினேன். மற்றவையெல்லாம் எப்படி வராமல் போயின என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. நாலு நாளாக மென்று விழுங்கியதையெல்லாம் கட்டம் கட்டமாக வரைந்து அவள் கையிலேயே கொடுத்திருக்கிறேன்.

"டாக்டர் கூப்பிட்டாரா?"

எழுத்து பெரிதாக இல்லை. பெரிதாக எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"புதன்கிழமை" என்றேன். அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. அசையாத குரல்நாண், வந்துவிடும் பேச்சு, மறக்கச் சொன்ன மேடை எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அழவில்லை. தொடையில் தாளம் போடும் அந்த விரல்களை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவே காலேஜுக்குப் பேசுறேன்க்கா. தப்பா அனுப்பிட்டோம்னு சொல்லிடுறேன். என் தப்புன்னே சொல்றேன்."

அவள் கைபேசியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். முதல்வரின் பதில் மத்தியானமே வந்திருந்தது. பதிலுக்கு நன்றி, காத்திருந்த இன்னொருவரை எடுத்துக்கொண்டுவிட்டோம், உங்கள் கச்சேரியை ஆவலோடு எதிர்பார்க்கிறோம் என்று எழுதியிருந்தார்.

எனக்கு அவள் காலில் விழ வேண்டும்போல இருந்தது. சிலேட்டில் திட்டுவாள், என்ன எழுதினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவள் சிலேட்டைத் துடைத்தாள். எதுவும் எழுதாமல் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, சாக்பீஸை அதன் மேல் வைத்தாள்.

"அக்கா, வேண்டாம். திங்கட்கிழமை வரைக்கும்..." என்றேன்.

அவள் பேசினாள். காற்றும் கரகரப்புமாக, எனக்குத் தெரியாத யாரோ பேசுவதுபோல வந்தது அந்தக் குரல்.

"பேசக்கூடாதுன்னு டாக்டர் சொன்னது எனக்குத்தானேடா."