பலாமூட்டு மரச்சீனி

வீடு விற்பதற்கு ஜெயதாஸ் சொன்ன யோசனைகளை எல்லாம் சத்யபாமா தட்டாமல் செய்தாள். சுவருக்கு வெள்ளை பூசினாள், கிணற்றுப் பாசியைச் சுரண்டினாள், ஆள் பார்க்க வரும் நாளில் நோயாளிக் கணவனை அதியன்னூரில் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினாள். ஒரே ஒரு யோசனைக்குத்தான் அவளுக்குக் கை வரவில்லை.

"அந்தப் பலாமூட்டு மேட்ட நெரப்பணும் சேச்சி. ரெண்டு பார்ட்டி அதப் பாத்துத்தானே ஓடிச்சு? மேல நாலு மூடு மரச்சீனி நடுங்க. எவனுக்குத் தெரியும்?"

ஜெயதாஸ் புரோக்கர். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் அவன் நுழையாத வீடு கிடையாது, அவன் வாய்க்குப் பூட்டும் கிடையாது.

பலாமரத்தின் கீழிருந்த அந்த மேட்டுக்கு அடியில் கிடப்பது சத்யபாமாவின் முதல் பிள்ளை. அறுபத்தெட்டில் பிறந்து பதினோரு நாள் இருந்தது. இருபத்தெட்டாம் நாள் பேரிட வேண்டியதைப் பேரில்லாமலே அங்கே வைத்தார்கள். அன்றிலிருந்து அவள் விளக்கு வைக்காத வெள்ளிக்கிழமை இல்லை. ஆனால் கணவன் கிருஷ்ணன்குட்டிக்கு நெஞ்சில் வால்வு கெட்டுவிட்டது. வீடு போனால்தான் ஆபரேஷன். செத்த பிள்ளையா, சாகக் கிடக்கிற புருஷனா என்று வந்தால் யார்தான் என்ன செய்வார்கள்? போன ஆனியில் மேட்டை அவளே சுரண்டி நிரவி, மரச்சீனி என்கிற மரவள்ளிக் கம்பு நட்டாள். கிருஷ்ணன்குட்டி அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

தொண்ணூற்று நாலு பங்குனியில் ஸ்ரீகுமாரியும் அவள் கணவரும் ஜெயதாஸோடு வீடு பார்க்க வந்தார்கள். இரண்டுபேரும் வாத்தியார்கள். அறைகள் பிடித்தன, கிணறு பிடித்தது. கொல்லைக்கு வந்தார்கள். மற்ற இடமெல்லாம் வாடிக் கிடக்க, பலாமூட்டில் மட்டும் மரச்சீனி ஆள் உயரம் நின்றது.

"கிழங்கு நல்லா மாவா இருக்கும் போல. ஒரு மூடு பிடுங்கட்டா சேச்சி?"

கேட்டுக்கொண்டே ஸ்ரீகுமாரி முந்தானையைச் செருகி, தண்டைப் பிடித்து ஆட்டினாள். மண் விரிசல் விட்டது. வேரோடு என்ன வருமோ என்று சத்யபாமாவுக்கு உயிரே நின்றுபோயிற்று.

"விடு! எம்பிள்ள கிடக்கு அங்க!"

ஸ்ரீகுமாரி கையை உதறினாள். கிணற்றடிக்குப் போய் மூன்று தடவை கழுவினாள்.

வாத்தியார் கெட்ட மனுஷன் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "வீட்ட நாங்க எடுக்கோம். ஆனா பத்திரத்துக்கு முன்ன அத எடுத்து மாத்திரணும். நானும் நின்னு பாக்கணும்."

"ஆளு உண்டு சார், அர மணிக்கூறு வேலையாக்கும்" என்றான் ஜெயதாஸ்.

"எலே, ஒருத்தனும் தொடாண்டாம். நான் எடுக்கேன்" என்றாள் சத்யபாமா.

மறுநாள் காலையில் வாத்தியாரும் ஜெயதாஸும் வேலிப்பக்கம் நின்றார்கள். சத்யபாமா புதுக் கோடி முண்டு ஒன்றை விரித்து வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். ஒவ்வொரு வெட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டாள், எங்கே பட்டுவிடுமோ என்று. முழங்கால் ஆழம் போயிற்று. கிழங்கு வந்தது. இடுப்பளவு போயிற்று. மண்வெட்டியைப் போட்டுவிட்டு விரலால் கட்டி கட்டியாக உடைத்துப் பார்த்தாள். சிவந்த மண், வேர், கிழங்கு. அதற்கும் கீழே பாறை. இவ்வளவு நேரம் பட்டுவிடுமோ என்று பயந்தவளுக்கு, படவே இல்லையே என்கிற பயம் வந்தது. பிள்ளை எங்கேயும் இல்லை; இத்தனை வருஷத்தில் மண்ணாகிப் போயிருந்தது.

"கெடச்சா சேச்சி?" ஜெயதாஸ் கூப்பிட்டான்.

இல்லை என்றால் வாத்தியார் நம்பமாட்டார். உள்ளேயேதான் கிடக்கிறது என்று போய்விடுவார். கிருஷ்ணன்குட்டியும் போய்விடுவான். அவள் குவியலைப் பார்த்தாள். நட்ட நடுவில் விளைந்த கிழங்கு ஒன்று, குழந்தைக் கைநீளம் இருந்தது. அதை எடுத்து முண்டில் வைத்தாள், மேலே இரண்டு கை மண் போட்டாள், முகம் மூடுகிற மாதிரி மூடினாள்.

"கெடச்சு."

பொதியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு மேலே ஏறினாள். வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். சத்யபாமா வேலிவரை நடந்தாள். அதற்குமேல் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றாள். அவளுக்கென்று இருந்த மண் இது ஒன்றுதான்.