விடை சி

செழியன் மாஸ்டரிடம் ‘ஏன்’ என்று கேட்டால் மூக்கு விடைத்துக்கொள்ளும். விருதுநகரில் ஓர் எண்ணெய்க் கடைக்கு மேல் மாடியில் அவருடைய கம்ப்யூட்டர் சென்டர். ஹார்டுவேர் சர்டிபிகேட் பரீட்சைக்குப் பாடம் நடத்துவது என்றால் அவருக்கு ஒரே வேலைதான். நானூறு கேள்விகள் உள்ள ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் கையில் திணித்து, மனப்பாடம் செய்யச் சொல்வார். மதுரையில் போய் எழுதும் பரீட்சையில் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும். கழற்றிப் பார்க்க ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. யாரும் அதைக் கழற்றிவிடக் கூடாதென்று மாஸ்டரே டேப் ஒட்டி வைத்திருந்தார்.

“நூத்திப் பதினாலாவது கேள்வி. மெமரியத் தொடுறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்? விடை சி. அம்புட்டுத்தான்.”

“ஏன் சார் சி?”

“ஏன்னு பரீச்சையில கேக்க மாட்டாக.”

எனக்கு இந்த ‘ஏன்’ வியாதி சின்ன வயதிலிருந்தே உண்டு. இருந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு நெட்டுருப் போட்டேன். பங்குனி மாதத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் எங்கள் ஊர் எம். புதுப்பட்டியில் அம்மாவோடு பட்டாசுக் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். அப்பா போர்மேனிடம் சொல்லியே வைத்துவிட்டார்.

அந்த வேலை எனக்குப் புதிதல்ல. பிளஸ் டூ முடித்து, பதினெட்டு வயது ஆனதும், இரண்டு மாதம் போயிருக்கிறேன். வெடிமருந்து அறை வாசலில் ஒரு செப்புத் தகடு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகும். என் அம்மா சண்முகத்தாய் முதல் நாளே என்னை அங்கே நிறுத்திவிட்டாள்.

“செருப்பக் களத்து. தகட்டத் தொடு. பெறகு உள்ள வா.”

“ஏம்மா?”

“ஒடம்புல கரண்டு ஒட்டிக் கெடக்கும். அது எறங்கணும்.”

“எறங்காட்டி?”

“என்னாகும்னு பாக்க ஆசையா இருக்கோ?”

அதுவரைக்கும் என் வாழ்க்கையில் அதற்கு மேல் கேட்காமல் விட்ட ஒரே ‘ஏன்’ அதுதான். கை பழகிவிட்டது. வேலையை விட்ட பிறகும் பல நாள் வீட்டு நிலைக்கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். அப்பா கேலி செய்வார்.

பரீட்சையில் பாஸானேன். சிவகாசியில் லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் ஆள் எடுத்தார்கள். சர்டிபிகேட் இருப்பவர்கள் மட்டும் வரலாம் என்று போர்டு போட்டிருந்தார்களே தவிர, அண்ணாச்சி என் சர்டிபிகேட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மேசை ஓரத்தில் தள்ளிவிட்டார்.

“லேபிளப் பாத்து எவனும் வெடி வாங்க மாட்டான். பெட்டியில இருந்து ஒண்ண உருவிக் கொளுத்திப் பாத்துட்டுத்தான் ஆர்டர் குடுப்பான். இந்தா, இந்தப் பொட்டியத் தொறந்து மெமரிய மாத்து.”

திறந்தேன். நிஜக் கம்ப்யூட்டரின் வயிற்றை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது கால் தானாகச் செருப்பைக் கழற்றியது. கை தானாகப் போய்ப் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டது.

“என்ன புள்ள, தொட்டுக் கும்புடுற?”

“ஒடம்புல உள்ள கரண்டு எறங்கணும் அண்ணாச்சி. இல்லாட்டி மெமரி போயிரும்.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நூற்றுப் பதினாலு! நான் நெட்டுருப் போட்ட அந்த இங்கிலீஷ் வரியும் அம்மாவின் செப்புத் தகடும் ஒன்றேதான். மூன்று மாதமாக ஒன்றைப் படித்தேன், இரண்டு மாதம் இன்னொன்றைச் செய்தேன், இரண்டும் ஒன்று என்று புத்திக்கு எட்டவேயில்லை. அப்படியே சிரித்துவிடலாம் போலிருந்தது.

“இதுவரைக்கும் பதினோரு பேரு வந்தான். ஒருத்தனும் இதச் செய்யல. யாரு சொல்லிக் குடுத்தா?”

அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். பட்டாசுக்குப் போன பிள்ளை என்று தெரிந்தால் அங்கேயே போ என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். வெட்கமும்தான், மறைப்பானேன்.

“சென்டர்ல அண்ணாச்சி. நூத்திப் பதினாலாவது கேள்வி.”

அண்ணாச்சி ஓரத்தில் கிடந்த சர்டிபிகேட்டை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “அப்ப இதுல என்னமோ இருக்கு” என்றார். வேலை கிடைத்துவிட்டது.

பொய் சின்னதுதான். ஆனால் அதற்குக் கால் முளைத்துவிட்டது. அண்ணாச்சி போகிற இடமெல்லாம் செழியன் மாஸ்டரின் சென்டரைப் புகழ்ந்தார். மாஸ்டர் என் படத்தை ஆளுயரத்துக்குப் பேனர் அடித்து மாடியிலிருந்து தொங்கவிட்டார். அதைப் பார்த்து, ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த முனியராஜ் என்பவர் அந்த வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். படித்தார். பாஸானார். எங்கள் கடைக்கே வந்தார்.

“ஒங்க சென்டர்தான? கொளுத்திப் பாக்க வேண்டியதில்ல” என்று அண்ணாச்சி உடனே சேர்த்துக்கொண்டார்.

ஆவணி மாதம், காலண்டர் சீசன். அச்சாபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று அவசரமாக வந்தது. முனியராஜ் பளபளவென்ற பாலியஸ்டர் சட்டையோடு வந்து, பிளாஸ்டிக் பாயில் நின்றபடி, நேராக உள்ளே கையை விட்டார். சின்னதாக ஒரு சொடக்குச் சத்தம். மெமரி போயிற்று. பதறிப்போய் அடுத்ததை எடுத்து மாட்டினார். அதுவும் போயிற்று.

“மெமரியத் தொடுறதுக்கு முன்னாடி என்னலே செய்யணும்?” என்று அண்ணாச்சி கத்தினார்.

“விடை சி, அண்ணாச்சி” என்றார் முனியராஜ். கண்ணில் நீர் நின்றது. “சத்தியமா விடை சிதான்.”

“வெளிய போலே!”

முனியராஜ் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இனி ஆலங்குளத்தில் அவரைச் சேர்க்க மாட்டார்கள். பேனரில் சிரித்த என் மூஞ்சி நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை.

“அண்ணாச்சி, அவுக மேல தப்பில்ல. எனக்கு அதச் சென்டர்ல சொல்லித் தரல. எங்கம்மா பட்டாசுக் கம்பெனியில மருந்து வேல. நானும் ரெண்டு மாசம் போனேன். அங்கன பழகுனது. ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

முனியராஜ் வாசற்படியில் நின்றுவிட்டார்.

“அப்ப இந்தச் சர்டிபிகேட்டு வெறும் லேபிளுதானா?”

“தெரியல அண்ணாச்சி. ஆனா அது இல்லாட்டி நீங்க என்னைய வாசப்படியக்கூட மிதிக்க விட்டிருக்க மாட்டீக. எங்கம்மாவுக்கு இருவது வருசமாத் தெரியும். அவுகள உள்ள விடுவீகளா?”

அதிகப்பிரசங்கித்தனம்தான். அண்ணாச்சியின் முகம் சிவந்தது. பிறகு, “ஏலே முனியராஜ், தூக்க உள்ள வையி” என்றார். என்னைப் பார்த்து விரலை நீட்டினார். “இனி ஒங்க ரெண்டு பேரையும் தெனமும் கொளுத்திப் பாப்பேன்.” மறுநாளே கடையில் ஒரு செப்புத் தகடு பதித்துக் கம்பியை மண்ணுக்குள் இறக்கியாயிற்று.

அன்றிரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அந்த ஜெராக்ஸ் கட்டை எடுத்து வரச் சொன்னாள். நூற்றுப் பதினாலைத் தமிழில் சொன்னேன். ஏ, கையை ஈரத் துணியில் துடைக்க வேண்டும். பி, கம்பளியில் துடைக்க வேண்டும். சி, உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்க வேண்டும். டி, எதுவும் தேவையில்லை.

“மூணாவது” என்றாள் அம்மா, யோசிக்காமலே. “ரெண்டாவது சொன்னவன் ஊரக் கொளுத்திருவான். இத எழுதவா மதுர வரைக்கும் போன? சரி, அடுத்ததப் படி.”

“நூத்திப் பதினஞ்சு. கம்ப்யூட்டரப் போட்டதும் ஒரு நீளச் சத்தமும் ரெண்டு குட்டச் சத்தமும் வந்தா என்ன கோளாறு?”

“எனக்கென்னட்டி தெரியும்? அதுக்குத்தான ஒன்னையப் படிக்க வச்சேன். நீ சொல்லு.”

“விடை ஏ. படம் காட்டுற கார்டு கெட்டுப்போச்சு.”

“அதுக்கு ஏன் சத்தம் போடுது? திரையில எழுதிக் காட்ட வேண்டியதுதான?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். விடை ஏ என்று தெரியும். ஏன் என்று நான் மாஸ்டரிடம் கேட்கவும் இல்லை, நானாக யோசிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது.

“அம்மா, படம் காட்டுறதுதான கெட்டுப்போச்சு! அப்பறம் எப்பிடி எழுதிக் காட்டும்? அதான் கத்துது.”

“பாவம்” என்றாள் அம்மா. பிறகு கட்டை என் மடியில் தள்ளினாள். “மொதக் கேள்வியில இருந்து ஆரம்பி.”