குளிக்கிற கல்லோரம்

எழுபத்தெட்டில் நான் சேரப்பணஞ்சேரியிலிருந்து சைக்கிளில் லேத் பட்டறைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் கிரீஸ் வாடை போகாது. கல்யாணமாகி ஒரு வருடம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்காத என் மனைவி கனகம், மசக்கை வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் விறைப்பாகக் கட்டிலைத் தூக்கி வாசலில் போட்டேன். வயிற்றில் வளர்வது என் பிள்ளை, என் வாடை மட்டும் ஆகாதாம்.

சோறு போடும்போது மட்டும் பக்கத்தில் உட்காருவாள். அப்போதும் முந்தானை முடிச்சை மூக்கோடு பிடித்திருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைத்தாய்ச்சி நடமாடுகிற இடத்தில் பூச்சி பொட்டு வரக்கூடாதே என்று, குளிக்கிற கல்லோரம் இருந்த புதரையெல்லாம் பிடுங்கிக் கொளுத்தினேன். பாதிக்கு மேல் நாய்த்துளசி. எங்கள் ஊரில் அதை யார் செடியென்று மதிக்கிறார்கள்? நுனியெல்லாம் கிள்ளியிருந்தது, ஆடு மேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். வேலை முடிந்தும் கையில் எலுமிச்சம்பழ வாசனை அடித்தது.

மத்தியானம் கனகம் சோற்றைப் போட்டதும் எழுந்து கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். தலையைப் பிடிக்கப் போனவனைக் கிட்டே வராதே என்று தடுத்தாள். பிறகு அழுதுகொண்டே சொன்னாள். அந்த நாய்த்துளசியை அவள்தான் ஏரிக்கரையிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து நட்டாளாம். பூ விடாமல் நுனி கிள்ளினால்தான் தழை தழைக்குமாம். அந்த இலையைக் கசக்கித்தான் முந்தானையில் முடிந்துவந்தாளாம்.

"சொல்றதுக்கு இன்னா?" என்றேன்.

"உன் வாடை ஆவலன்னு தெனம் சொல்லிக்கினா இருக்க முடியும்? அது இருந்தாத்தான் உன் பக்கத்துல குந்த முடிஞ்சுது."

என் பக்கத்தில் உட்கார அவள் இத்தனை பாடுபட்டிருக்கிறாள். நான் ஒரு மாதமாக முறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் வேலை விட்டதும் ஏரிக்கரைக்குப் போனேன். வேரோடு பிடுங்கிய நாய்த்துளசியைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். வழியில் பார்த்தவர்கள் ஆட்டுக்கா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். கன்றுகளை நட்டுவிட்டு, மிச்சத் தழையைக் கசக்கி உடம்பெல்லாம் தேய்த்துக் குளித்தேன்.

கனகம் என் கையைப் பிடித்து முகர்ந்தாள்.

"கிரீஸ் வாடை இன்னும் கீது."

நான் கையை இழுத்தேன். அவள் விடவில்லை.

"இருந்துட்டுப் போவுது. கட்டிலத் தூக்கினு உள்ள வா."