ஏஞ்சல் போட்ட பூட்டு

என் தங்கை ஏஞ்சல் எழுதிய சாஃப்ட்வேரைப் பற்றி யாராவது கேட்டால் லேசில் விடமாட்டேன். பாலவாக்கம் கடற்கரையில் என்னிடம் வறுத்த மீன் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கதை தெரியும். கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டுகிற சாஃப்ட்வேர் அது. இலவசம். உள்ளே என்ன எழுதியிருக்கிறாள் என்பதையும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைப் பார்த்துத்தான் தரமணியில் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. அடுத்த வாரம் சேர வேண்டும். நான் தெருவுக்கே பிரியாணி போடாத குறைதான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தவள் சாப்பிடவில்லை. தன் பூட்டில் தானே ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறாள். விஷயம் தெரிந்தவன் சாவி இல்லாமலே திறந்துவிடலாமாம். அடைக்க இரண்டு வரி போதும் என்றாள். அதோடு, 'தவறு என்னுடையது, எல்லோரும் உடனே புதியதுக்கு மாறுங்கள்' என்று பெயர் போட்டு அறிவிக்கப் போகிறாளாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருமே கேட்காதபோது தானாகப் போய் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்? சத்தம் போடாமல் அடைத்துவிடு, வேலையில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கத்தினேன்.

"அடைச்சா, அடைச்ச இடம் எல்லார் கண்ணுக்கும் தெரியும்ணா," என்றாள். "திருடன் அத்த ஒக்காந்து படிச்சி, ஓட்டை எங்கன்னு கண்டுபுடிச்சிடுவான். பழச வெச்சிக்கினு கீறவங்க படிக்க மாட்டாங்க. அவங்களுக்கு யாரு சொல்றது?"

நான் இன்னும் கொஞ்சம் கத்தினேன். அவள் பாட்டுக்கு ஓட்டையை அடைத்து, அறிவிப்பையும் எழுதி, என் எதிரிலேயே இணையத்தில் போட்டுவிட்டாள். கம்பெனிக்கும் அனுப்பினாள்.

சாயங்காலமே திட்டு ஆரம்பித்தது. எந்தெந்த நாட்டிலிருந்தோ திட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் எப்படி மாறுவது என்று பொறுமையாக எழுதிக்கொண்டிருந்தாள். மறுநாள் கம்பெனியிலிருந்து, வேலையை இப்போதைக்கு நிறுத்திவைக்கிறோம் என்று மெயில் வந்தது. அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, அடுத்த ஆளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். இப்படி ஒருத்தி எங்கள் வீட்டில் பிறந்திருக்கிறாளே என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பக்கத்து டீக்கடை அக்பர் பாஷாவுக்கும் விஷயம் எட்டிவிட்டது. என் கடையில் கூட்டம் சேர்ந்த நேரம் பார்த்துக் கேட்டார்.

"இன்னா நைனா, உன் தங்கச்சி போட்ட பூட்டுல ஓட்டையாமே?"

கரண்டியைக் கீழே வைத்தேன். எல்லோர் காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"ஆமா பாய். அத்த ஊருக்கே சொன்னது யாருன்னு கேளு. அவதான்."